65 பில்லியன்னு சொன்னாங்க, வாங்கினது 19 தான்

மார்க்கெட் விழும்போதெல்லாம் சென்ட்ரல் பேங்க் ஓடி வந்து பணத்த அச்சடிச்சு பெரிய ஆளுங்கள காப்பாத்துது, இதான் ரொம்ப வருஷமா என் புரிதல், நாலு பேர் இருக்கற இடத்துல சத்தமா சொல்லியும் இருக்கேன். முழுசா தப்புன்னு இப்பவும் சொல்ல மாட்டேன். ஆனா 2022 செப்டம்பர்ல பிரிட்டன்ல நடந்தத நாள் வாரியா உட்கார்ந்து படிச்சப்ப, எவ்வளவு குடுத்தாங்கன்னு மட்டும் பார்த்துட்டு எப்படி கதவ சாத்தினாங்கன்னு பார்க்காம விட்டுட்டேனேன்னு தோணுச்சு.

செப்டம்பர் 23, நிதியமைச்சர் குவாசி குவார்டெங் ஒரு மினி பட்ஜெட் போட்டாரு. பெரிய வரிக்குறைப்பு, அதுக்கு பணம் எங்கேர்ந்துன்னா கடன்தான். அரசு பாண்டு வச்சிருந்தவங்க பயந்து வித்தாங்க, பவுண்டும் விழுந்துச்சு. இதுவரைக்கும் எல்லா ஊர்லயும் நடக்கற கதை. சிக்கல் வந்தது பென்ஷன் ஃபண்டுங்க பக்கத்துலேர்ந்து, அதாவது இருக்கறதுலயே சாதுவான முதலீட்டாளர்னு நாம நம்பிட்டிருந்த ஆளுங்க.

அவங்க பண்ணிட்டிருந்ததுக்கு எல்டிஐன்னு பேரு. முப்பது நாப்பது வருஷம் கழிச்சு பென்ஷன் குடுக்கணும், அதுக்கு ஈடா நீண்டகால பாண்டு வேணும், கையில பணம் பத்தல, அதனால இருக்கற பாண்ட அடகு வச்சு கடன் வாங்கி அதுலயும் பாண்டே வாங்கறது. விலை இறங்குச்சுன்னா கடன் குடுத்தவன் இன்னும் ஈடு வைம்பான், ஈடு வைக்க காசு வேணும், காசுக்கு பாண்ட விக்கணும், வித்தா விலை இன்னும் இறங்கும், மறுபடி அவன்கிட்டேர்ந்து போன் வரும். எல்லாரும் ஒரே பாண்ட ஒரே நேரத்துல விக்க நின்னா வாங்க யாரு இருப்பா? 30 வருஷ பாண்டோட யீல்டு (இன்னிக்கு விலைக்கு வாங்கினா கிடைக்கற வட்டி, விலை இறங்க இறங்க இது ஏறும்) 5%ஐ தாண்டிடுச்சு. அந்த நாலு நாள் ஏத்தம், 2000க்கு அப்புறம் வந்த எந்த நாலு நாள் ஏத்தத்த விடவும் ரெண்டு மடங்குக்கு மேலன்னு அந்த நாட்டு சென்ட்ரல் பேங்கான பேங்க் ஆஃப் இங்கிலாந்தே பின்னாடி பார்லிமென்ட் கமிட்டிக்கு எழுதியிருக்கு.

28ஆம் தேதி பேங்க் அறிவிச்சது: ஒரு நாளைக்கு 5 பில்லியன் பவுண்டு வரைக்கும், 13 நாளைக்கு, நீண்டகால பாண்ட நாங்க வாங்கறோம். கணக்கு போட்டா 65 பில்லியன். அன்னிக்கே யீல்டு ஒரு பர்சன்டேஜ் பாயின்ட்டுக்கு மேல இறங்கிடுச்சு, அன்னிக்கு அவங்க நிஜமா வாங்கினது ஒரு பில்லியன் சொச்சம்தான்! கடைசில மொத்தமா 19.3 பில்லியன்.

இதுல ஒரு கூத்து என்னன்னா, அதுக்கு ஒரு வாரம் முன்னாடிதான், செப்டம்பர் 22, விலைவாசி 10% கிட்ட ஏறிட்டிருக்குன்னு இதே பேங்க் வட்டிய 2.25% ஆக்கி, கையில இருக்கற பாண்ட விக்கப் போறோம்னும் சொல்லியிருந்தாங்க. பிள்ளையையும் கிள்ளி தொட்டிலையும் ஆட்டறதுன்னு சொல்வாங்களே, அதேதான். வட்டி விலைவாசிக்கு, இந்த வாங்கல் மார்க்கெட் அடைப்பெடுக்க, ரெண்டும் வேற வேறன்னு அவங்க விளக்கம் குடுத்தாங்க. வேற யாராவது சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன், ஆனா இவங்க முதல் நாளே அக்டோபர் 14னு முடிவு தேதி போட்டுட்டாங்க. அக்டோபர் 11 வாஷிங்டன்ல கவர்னர் ஆண்ட்ரூ பெய்லி, இன்னும் மூணு நாள்தான் இருக்கு, முடிச்சுக்கங்கன்னு ஃபண்டுங்களுக்கு நேராவே சொன்னாரு. கேட்டதும் மார்க்கெட் மறுபடி ஆடுச்சு, அவர திட்டாத ஆள் கம்மி, ஆனா தேதி மாறல. வாங்கின பாண்ட 2023 ஜனவரிக்குள்ள வித்தும் முடிச்சாங்க, அதுவும் லாபத்துல.

இன்னும் சுத்தமான கேஸ் 2012. அப்ப ஐரோப்பிய சென்ட்ரல் பேங்க் தலைவரா இருந்த மாரியோ டிராகி லண்டன்ல நின்னு யூரோவ காப்பாத்த என்ன வேணாலும் செய்வோம்னாரு, அப்புறம் சிக்கல்ல இருக்கற நாட்டு பாண்ட வாங்க ஓஎம்டின்னு ஒரு திட்டம் வந்துச்சு, அதுல ஒரு யூரோ கூட செலவாகல, ஸ்பெயின் இத்தாலி யீல்டு மட்டும் இறங்கிடுச்சு. அந்த கதவுக்கும் பூட்டு இருந்துச்சு, உதவி கேக்கற நாடு முதல்ல சீர்திருத்த நிபந்தனைக்கெல்லாம் ஒத்துக்கணும்.

வார்த்தை எல்லா நேரமும் வேலை செய்யாது, அதையும் சொல்லிடணும். 2020 மார்ச்ல அமெரிக்க அரசு பாண்டான டிரெஷரிய கூட வித்து டாலர் தேடினாங்க. 15ஆம் தேதி அமெரிக்க சென்ட்ரல் பேங்கான ஃபெட் 700 பில்லியன் டாலருக்கு வாங்கறோம்னு சொன்னது பத்தல, 23ஆம் தேதி வரம்பே கிடையாதுன்னு சொல்ல வேண்டியதாச்சு, நிஜமாவே டிரில்லியன் கணக்குல வாங்கவும் வேண்டியதாச்சு.

எனக்கு இன்னும் ஒத்துக்க முடியாதது 2023. நெருக்கடின்னா சென்ட்ரல் பேங்க் நல்ல ஈடு வாங்கிக்கிட்டு, தாராளமா, ஆனா அதிக வட்டிக்கு கடன் குடுக்கணும்னு இங்கிலாந்து பத்திரிகையாளர் வால்டர் பேஜட் 1873லயே எழுதிட்டாரு. அமெரிக்காவோட சிலிக்கான் வேலி பேங்க்ல மார்ச் 9 ஒரே நாள்ல 42 பில்லியன் டாலர் வெளிய போச்சு, மறுநாள் பேங்க மூடிட்டாங்க, அந்த வார கடைசியில ஃபெட் ஒரு புது கடன் திட்டம் கொண்டு வந்துச்சு. அதுல பாண்டோட மார்க்கெட் விலைய பார்க்க மாட்டாங்க, முகமதிப்பு என்னவோ அதுக்கே கடன். விலை சரிஞ்ச பாண்டுதான் பிரச்சனையோட வேரே, அத சரியாத மாதிரி பாவிச்சுக்கிட்டாங்க. பயந்து பணத்த எடுக்கற ஓட்டம் நின்னுச்சு, சரி. வட்டியும் குறைவா இருந்ததால, அந்த வருஷ கடைசில சில பேங்க்குங்க அங்க கடன் வாங்கி, அதே ஃபெட்டுலயே டெபாசிட் போட்டு, நடுவுல இருக்கற வட்டி வித்தியாசத்த சும்மா உட்கார்ந்து எடுத்துக்கிட்டிருந்தாங்க. 2024 ஜனவரியில ஃபெட் அந்த கடனோட வட்டிய ஏத்தின பிறகுதான் அது நின்னுச்சு, மார்ச் 11 திட்டத்துக்கே மூடுவிழா.