காசி யாத்திரையில் லக்ஸா சேவாசிரமம்

காசிக்குப் போனால் கங்கை ஸ்நானம், விசுவநாதர், அன்னபூரணி, விசாலாட்சி, காலபைரவர் என்று நமக்கு ஒரு கணக்கு உண்டு. அங்கே லக்ஸா என்ற பகுதியில் இருக்கும் ராமகிருஷ்ண மிஷன் சேவாசிரமத்தையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிவருகிறேன். ஆஸ்பத்திரிதான். ஆனாலும் க்ஷேத்திரம்.

காசியில் உயிர் போனால் முக்தி என்று நம்பி வந்து, கையில் காசில்லாமல் தெருவில் கிடப்பவர்கள் அந்நாளில் ஏராளம். 1900 ஜூன் மாதம் அப்படிக் கிடந்த ஒரு மூதாட்டியை ஜாமினி ரஞ்சன் மஜும்தார் என்ற இளைஞர் பார்த்தார். வழிப்போக்கர் ஒருவரிடம் கையேந்தி நாலணா வாங்கி ஆகாரம் கொடுத்தார். ஆஸ்பத்திரிக்கு மூலதனம் அந்த நாலணாதான்! விவேகானந்தரின் எழுத்தில் ஊறிய நண்பர்கள் சாருசந்திர தாஸும் கேதார்நாத் மௌலிக்கும் தோள் கொடுத்தார்கள். 1902-ல் அது மிஷனோடு இணைந்தது. சாருவும் கேதாரும் பின்னாளில் துறவு பூண்டு சுபானந்தர், அசலானந்தர் ஆனார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 1912 நவம்பரில் நடந்தது. ராமகிருஷ்ணரின் துணைவியார் அன்னை சாரதா தேவி வந்து வார்டுகளைச் சுற்றிப் பார்த்தார். இங்கே குருதேவர் ராமகிருஷ்ணர் குடியிருக்கிறார், லட்சுமி கடாட்சமும் நிறைந்திருக்கிறது என்று மகிழ்ந்து, பத்து ரூபாய் நோட்டு ஒன்றைக் காணிக்கையாக அனுப்பிவைத்தார். ஆஸ்பத்திரி நடத்துவதெல்லாம் ஆன்மிக சாதனையாகுமா என்று மகேந்திரநாத குப்தருக்கு ஒரு தயக்கம் இருந்தது. குருதேவரின் நேர்ச் சீடர் அவர். அன்னையின் வாக்கைக் கேட்டதும் அவரும் ஒப்புக்கொண்டார். அந்த நோட்டை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

நாங்கள் போனது காலை நேரம். புறநோயாளிகள் பகுதியில் நல்ல கூட்டம். கிராமத்து ஜனங்கள், ரிக்‌ஷாக்காரர்கள், வெள்ளைப் புடவை பாட்டிமார்கள். காவி உடுத்த சுவாமி ஒருவர் கட்டில் கட்டிலாக வந்துகொண்டிருந்தார். ஒரு பாட்டியின் போர்வை நழுவித் தரையில் கிடந்தது. குனிந்து எடுத்து உதறி, பாதம் மூடும்படி போர்த்தி, "மாதாஜி, சாப்பிட்டீர்களா?" என்று இந்தியில் கேட்டார். பாட்டி பதில் சொல்லவில்லை. சுவாமியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். விசுவநாதர் சந்நிதியில் வராத கண்ணீர் எனக்கு அங்கே வந்தது.

ஆதரவற்ற முதியவர்களுக்கும் இங்கே இடம் உண்டு. பக்கத்திலேயே அத்வைத ஆசிரமம்; 1902-ல் குருதேவரின் சீடர் சுவாமி சிவானந்தர் தொடங்கியது. கோதௌலியா நாற்சந்தியிலிருந்து லக்ஸா சாலையில் நடந்தே போய்விடலாம். வார்டுக்குள் போக அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள், படம் எடுக்காதீர்கள். காணிக்கை கொடுத்தால் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். நாலணாவில் தொடங்கிய இடம் என்பதால் சிறு தொகையைக் கொடுக்கவும் கூச்சப்பட வேண்டாம்.