பையன் கேட்காமல் விட்ட கேள்வி

மருத்துவர் நாலைந்து வாக்கியம் பேசினார். பையன் அம்மா பக்கம் திரும்பி இரண்டே சொல் சொன்னான்.

பத்து வயது இருக்கும். இன்று காலை மருத்துவமனையில் எனக்கு முன்னால் இருந்தார்கள். அந்த அம்மாவின் மொழி அங்கே வேறு யாருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான்.

அடுத்து, ரத்தப்போக்கு அதிகமாக இருக்கிறதா என்று கேட்டார் மருத்துவர்.

பையன் தரையைப் பார்த்தான். அம்மாவிடம் கேட்கவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனே "இல்லை" என்றான். மருத்துவர் எழுதிக்கொண்டார்.

அந்த "இல்லை"யை நம்பித்தான் இனி மருந்து.

மருத்துவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை, வெளியே அவ்வளவு கூட்டம். ஆனால் தாயின் உடம்பைப் பற்றிப் பேசும் பாரத்தை ஒரு பிள்ளையின் தலையில் வைக்கலாமா?

வழி இல்லாமல் இல்லை. ஆஸ்திரேலியா 1973இலேயே தொலைபேசி வழியாக மொழிபெயர்த்துச் சொல்லும் சேவையைத் தொடங்கிவிட்டது. இப்போது அது 24 மணி நேரமும் இயங்குகிறது. பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸின் மருத்துவத் துறைக் கொள்கை இன்னும் ஒரு படி மேலே போகிறது: அந்த மண்ணின் மொழியான வெல்ஷ் மொழியில் பேசலாமா என்று நோயாளி கேட்கக் காத்திருக்காமல், பணியாளரே முதலில் கேட்க வேண்டும்.

எனக்கு இதுதான் பிடித்தது. உடம்பு முடியாமல் வந்தவர் உரிமைக்காக வாதாடிக்கொண்டா இருப்பார்?

என் முறை முடிந்து வெளியே வந்தேன். அந்த அம்மா மருந்துச் சீட்டைக் காட்டி மகனிடம் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தார். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.