மணிக்கு அஞ்சரை பவுண்டு

பி அண்ட் ஓ ஃபெர்ரீஸ் கதைய கப்பல்ல வேலை பாக்குற யாரும் மறந்திருக்க மாட்டாங்க. கரையில இருக்கிறவங்களுக்காக சுருக்கமா சொல்லிடுறேன். பிரிட்டன்ல இருந்து பக்கத்து நாடுகளுக்கு ஆளையும் லாரியையும் ஏத்திட்டுப் போற கப்பல் கம்பெனி அது. 2022 மார்ச் 17, பிரிட்டன். பெரிய அறிவிப்பு ஒண்ணு வருது, எல்லா கப்பலும் துறைமுகத்துலயே நிக்கட்டும்னு கம்பெனி சொல்லுது. அப்புறம் ஏற்கனவே ரெக்கார்ட் பண்ணி வச்ச ஒரு சின்ன வீடியோ. இன்னியோட உங்க வேலை முடிஞ்சுது, உங்க இடத்துக்கு ஏஜென்சி ஆளுங்க வர்றாங்க, அவ்வளவுதான். மொத்தம் 786 பேர். அதுல வருஷக்கணக்கா அதே லைன்ல ஓடுனவங்க எத்தனையோ பேர். ஜெட்டில செக்யூரிட்டி ஆளுங்க ரெடியா நிக்கிறாங்க, புது க்ரூ பஸ்ல வெயிட்டிங். ஹல் துறைமுகத்துல நின்ன பிரைட் ஆஃப் ஹல் கேப்டன் மட்டும் கேங்வேய, அதான் கரையில இருந்து கப்பல்ல ஏறுற படிய, தூக்கிட்டு ஒருத்தரையும் உள்ள விடல, மணிக்கணக்கா அப்படியே உக்காந்துட்டார். அந்த மனுசன் மேல எனக்கு இன்னிக்கும் ஒரு மரியாதை உண்டு.

ஆனா நம்ம ஊர்ல இதப் பத்தி பேசுனவங்க சொல்லாம விட்ட விஷயம் ஒண்ணு இருக்கு. அந்த பஸ்ல உக்காந்திருந்தது யாரு? பிலிப்பைன்ஸ்காரன், கிழக்கு ஐரோப்பாக்காரன், அப்புறம் நம்மாளு. இந்தியாவுல இருந்தும் ஆள் எடுத்தாங்க. வெள்ளைக்காரன் வேலைய புடுங்கிட்டு மலிவான ஆள வச்சுட்டாங்கன்னு நியூஸ்ல வருதே, அந்த மலிவான ஆள் நாமதான்.

எவ்ளோ மலிவு? வேலைய விட்டுத் தூக்கின ஒரு வாரத்துல, மார்ச் 24ல, கம்பெனியோட அப்போதைய தலைவர் பீட்டர் ஹெபிள்த்வெயிட் பார்லிமென்ட் கமிட்டி முன்னாடி உக்காந்து சொன்ன கணக்கு: சராசரியா மணிக்கு 5.50 பவுண்டு. அப்ப பிரிட்டன்ல மினிமம் வேஜ் 8.91. வட அயர்லாந்து லார்ன் டு ஸ்காட்லாந்து கேர்ன்ரயன் மட்டும் உள்நாட்டு ரூட், அதனால அங்க மினிமம் வேஜ் குடுத்தே ஆகணும். மத்த ரூட்டுக்கெல்லாம் அந்தச் சட்டம் ஒட்டாது.

இப்ப இத நம்ம பக்கத்துல இருந்து கணக்கு போட்டுப் பாருங்க. 5.50, பன்னெண்டு மணி நேரம், முப்பது நாள், கிட்டத்தட்ட 1,980 பவுண்டு வருது. அன்னிக்கு ரேட்டுக்கு ரெண்டு லட்ச ரூபா. சர்வதேச தொழிலாளர் அமைப்பு ஐஎல்ஓ இருக்கே, அது ஒரு ஏபிக்கு, அதான் டெக்ல வேலை பாக்குற தேர்ந்த மாலுமிக்கு, மாசம் பேசிக் இவ்ளோ இருக்கணும்னு ஒரு தொகை வச்சிருக்கு, 2024ல அது 666 டாலர். ஓவர்டைம் சேக்காம வெறும் பேசிக், வாரத்துக்கு 48 மணி நேரக் கணக்கு. வகுத்துப் பாத்தா மணிக்கு மூணு டாலர் சொச்சம். அத வாங்கிட்டு பல்க் கேரியர்ல ஹேட்ச் கழுவிட்டு இருக்கிறவனுக்கு அஞ்சரை பவுண்டுன்னா எப்படி இருக்கும்? ஏஜென்ட் போன் பண்ணியிருந்தா நானே பெட்டிய கட்டியிருப்பேன், இதுல மறைக்க என்ன இருக்கு. அதனால அந்தப் பஸ்ல உக்காந்திருந்தவன கருங்காலின்னு திட்டுறது எனக்கு ஒத்துக்கல, பாதிப் பேருக்கு எந்தக் கப்பலுக்கு எதுக்குப் போறோம்னே தெரிஞ்சிருக்காது.

சரி, சொந்த நாட்டு சட்டத்த மீறி ஒரே நாள்ல 786 பேர எப்படி தூக்க முடியுதுன்னு கேட்டா, அங்கதான் கொடி, அதாவது கப்பல் எந்த நாட்டுல பதிவாயிருக்குங்கிறது, வருது. நம்ம ஊர் ரோட்டுல சென்னை டு நெல்லை ஓடுற ஆம்னி பஸ் நாகாலாந்து நம்பர் பிளேட்டோட ஓடும்ல, அதே கதை. டோவர் கப்பலெல்லாம் சைப்ரஸ் கொடி, ஹல்லு கப்பல் பஹாமாஸ். ஆளுங்களோட கான்ட்ராக்ட் ஜெர்சி தீவுல பதிவான கம்பெனி பேர்ல. ஓடுறது இங்கிலாந்து டோவருக்கும் ஃபிரான்ஸ் கலேவுக்கும் நடுவுல, பேப்பர்ல மட்டும் வேற எங்கயோ. பிரிட்டன்ல நூறு பேரோ அதுக்கு மேலயோ வேலைய விட்டு எடுக்கணும்னா 45 நாள் முன்னாடியே அரசாங்கத்துக்கு நோட்டீஸ் குடுத்து யூனியனோட பேசணும். ஆனா வெளிநாட்டுக் கொடி கப்பல்னா அந்த நோட்டீஸ் கொடி நாட்டுக்குப் போனா போதும்னு இருந்துச்சு. இவங்க அதையும் ஆள தூக்குன அன்னிக்குத்தான் அனுப்புனாங்க. யூனியனோட பேச வேண்டிய கடமை இருந்ததுன்னு அந்த ஹெபிள்த்வெயிட்டே கமிட்டில ஒத்துக்கிட்டார், பேசினா எந்த யூனியனும் சம்மதிக்காது அதனால பேச வேண்டாம்னு முடிவு பண்ணோம், திரும்பவும் இதே நிலைமை வந்தா இதையேதான் செய்வேன்னும் சொன்னார். சட்டத்த மீறுனேன்னு டிவி லைவ்ல ஒருத்தர் சொல்றாரு, ஆகஸ்ட்ல என்னாச்சு? கிரிமினல் கேஸ் போட முடியாதுன்னு முடிச்சுட்டாங்க. வேலை போனவங்களுக்கு நஷ்ட ஈடு குடுத்தாங்க, அது சிலருக்கு நல்ல தொகைதான், அத இல்லேன்னு சொல்ல முடியாது.

சம்பளத்த விட எனக்கு பெருசா படுறது ரோஸ்டர், அதான் எத்தனை நாள் வேலை எத்தனை நாள் வீடுங்கிற கணக்கு. பழைய க்ரூ ரெண்டு வாரம் வேலை ரெண்டு வாரம் வீடுன்னு ஓடுச்சு. அதுக்கப்புறம் வந்த ஏஜென்சி ஆளுங்களுக்கு அப்ப ஒரு நாளைக்கு பன்னெண்டு மணி நேரம், ஞாயிறு லீவு கிடையாது, ஒரே மூச்சுல பதினேழு வாரம் வரைக்கும். நம்மாளுங்க உடனே சொல்வாங்க, என்னண்ணே பதினேழு வாரம், நாங்க ஒம்போது மாசம் ஓட்டலையான்னு. தம்பி, நீ ஓட்டுனது ஆழ்கடல். சிங்கப்பூர் தாண்டுனா அடுத்த போர்ட் பதினஞ்சு நாள் கழிச்சு, நடுவுல தூங்கலாம். டோவர் கலே ஒன்றரை மணி நேரம். போய் சேர்ந்ததும் ராம்ப் இறக்கணும், லாரி இறங்கணும், அடுத்த செட் ஏறணும், ஒரு மணி நேரத்துக்குள்ள மறுபடி கயிறு அவுக்கணும், ராத்திரி பகல்னு இல்லாம இதே சுத்து. உலகத்துலயே கப்பல் நெருக்கம் ஜாஸ்தியான கடல்பாதைய குறுக்கால வெட்டிக்கிட்டு.

நான் ரோ-ரோல, அதான் வண்டிய நேரா உள்ள ஓட்டி ஏத்துற கப்பல்ல, கொஞ்ச காலம் இருந்திருக்கேன், ஃபெர்ரி இல்ல, கார்கோ. டிரெய்லர் உள்ள ரிவர்ஸ்ல வரும், மூக்குக்கு அடியில டிரெசல்னு ஒரு முட்டு ஸ்டாண்டு தள்ளணும், சக்கரம் உருளாம இருக்க சாக் கட்டை, நாலு மூலையிலயும் செயின் மாட்டி லிவர் போட்டு இறுக்கணும். டெக்ல மழைத்தண்ணியும் ஆயிலும் கலந்து கிடக்கும், புகையில கண்ணு எரியும், ஓட்டுற டிரைவருக்கு நீ பின்னாடி நிக்கிறது தெரியாது, விசில்தான் உன் உயிரு. டோவர்ல டிரைவரோட வர்ற லாரிதான் ஜாஸ்திங்கிறதால இந்த டிரெசல் வேலை அங்க கம்மி, ஆனா அவங்க கப்பல்ல மேல நூத்துக்கணக்கான பயணிங்க இருக்காங்க. ஏதாச்சும் ஆச்சுன்னா அவங்கள லைஃப்போட்டுக்கு கொண்டு போக வேண்டியது இதே ஆளுதான், கப்பலுக்கு வந்து நாலு நாள் ஆனவன்.

இது வெறும் பயமுறுத்தல் இல்ல. 1987 மார்ச் 6, பெல்ஜியத்துல ஜீப்ரூக் துறைமுகத்துக்கு வெளிய ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்னு ஒரு ஃபெர்ரி கவுந்து 193 பேர் செத்தாங்க. முன் கதவு திறந்தபடியே கிளம்பிடுச்சு. கதவ மூட வேண்டிய அசிஸ்டென்ட் போசன், டெக் ஆளுங்களோட துணை மேஸ்திரி, கேபின்ல தூங்கிட்டான், மூடிருச்சான்னு மேல கப்பல ஓட்டுற பிரிட்ஜ்ல யாருக்கும் தெரியாது. விசாரணையில அந்த ஒருத்தன் மேல மட்டும் பழிய போட்டு விடல, கம்பெனி மேல இருந்து கீழ வரைக்கும் அசட்டைன்னு எழுதுனாங்க. விபத்துக்கு கொஞ்சம் முன்னாடிதான் அந்தக் கம்பெனிய வாங்கியிருந்தது யாருன்னா இதே பி அண்ட் ஓ.

2022லயும் புது க்ரூவ ஏத்துனதும் பிரிட்டன் கடலோர ஏஜென்சி, எம்சிஏன்னு சொல்வோம், கப்பல் கப்பலா ஏறி செக் பண்ணுச்சு. லார்ன்ல யூரோப்பியன் காஸ்வேய புடிச்சு வச்சாங்க, டோவர்ல பிரைட் ஆஃப் கென்ட், அப்புறம் ஸ்பிரிட் ஆஃப் பிரிட்டன். க்ரூவுக்கு கப்பலே பழகல, ட்ரெய்னிங் பத்தல, பேப்பர் சரியில்ல. ரிலீஸ் ஆன அந்த யூரோப்பியன் காஸ்வே ஏப்ரல் 26ம் தேதி லார்ன் பக்கத்துல பவர் போயி ஒரு மணி நேரத்துக்கு மேல சும்மா மிதந்துச்சு. கப்பல்கள் நின்னதுல சரக்கு மாட்டிக்கிச்சு, டோவர் போற எம்20 ரோட்டுல லாரிங்க மைல் கணக்குல வரிசை கட்டி நின்னதெல்லாம் அந்த ஏப்ரல்லதான். ஆளுங்க வேலை போனப்ப முறைச்சுட்டு இருந்த அரசாங்கம் லாரி நின்னதும் ஓடியாடி வேலை பாத்துச்சு. எல்லா ஊர்லயும் அப்படித்தான்.

அதுக்கப்புறம் வந்த சட்டம்தான் நான் இத எழுதுறதுக்கே காரணம். சீஃபேரர்ஸ் வேஜஸ் ஆக்ட், 2023 மார்ச்ல பாஸ் ஆச்சு, நடைமுறைக்கு வர 2024 டிசம்பர் ஆச்சு. இதுல புத்திசாலித்தனம் என்னன்னா கொடியோட மல்லுக்கட்டவே இல்ல. நீ எந்தக் கொடிய வேணா கட்டிக்கோ, எங்க துறைமுகத்துக்கு வருஷத்துல 120 தடவையாவது வர்றியா, அப்ப பிரிட்டிஷ் கடல் எல்லைக்குள்ள வேலை பாக்குற நேரத்துக்கு எங்க மினிமம் வேஜுக்கு சமமா குடுக்குறேன்னு எழுதிக் குடு. குடுக்கலையா, துறைமுகம் சர்சார்ஜ் போடும், அதையும் கட்டலேன்னா உள்ள விடாது. ஃபிரான்ஸும் 2023ல தன் பங்குக்கு ஒரு சட்டம் கொண்டு வந்துச்சு, அது சம்பளத்தோட நிக்காம எத்தனை நாள் வேலை எத்தனை நாள் ஓய்வுங்கிற வரைக்கும் போகுது. என்னப் பொறுத்தவரை ஃபிரெஞ்சுக்காரன் போட்டதுதான் முழுசு. பிரிட்டன் சட்டம் காசப் பத்தி பேசுச்சு, தூக்கத்தப் பத்தி பேசல. ஒரு லைன் கப்பலுங்க 120 தடவை வந்தா சட்டம், 119 தடவை வந்தா இல்லேன்னு ஒரு ஓட்டையும் இருக்கு, ஆனா தினம் நாலு ட்ரிப் ஓடுற டோவர் லைனுக்கு அது ஒரு பிரச்சனையே இல்ல.

சட்டம் பாஸாகி நடைமுறைக்கு வராத இடைவெளியில, 2024 மே மாசம், ஹெபிள்த்வெயிட் திரும்பவும் கமிட்டிக்கு வந்தார். இப்ப ரொம்பக் கம்மியா வாங்குறவருக்கு எவ்ளோன்னு கேட்டாங்க, மணிக்கு 4.87ன்னார். அத வச்சு நீங்க பொழைப்பீங்களான்னு கேட்டதுக்கு முடியாதுன்னார். அப்ப அவரோட வருஷ சம்பளம் போனஸோட 508,000 பவுண்டு. இதுக்கு மேல நான் என்ன சொல்ல.

இன்னொரு கூத்து அதே வருஷம் அக்டோபர்ல. பி அண்ட் ஓ ஃபெர்ரீஸ் யாருதுன்னா துபாய் டிபி வேர்ல்டோடது. லண்டன் கேட்வே துறைமுகமும் அவங்களோடதுதான். அங்க நூறு கோடி பவுண்டு போடப் போறோம்னு அறிவிக்கிற நேரம், அப்ப புதுசா வந்திருந்த போக்குவரத்து மந்திரி லூயிஸ் ஹேய் பி அண்ட் ஓவ ரவுடி கம்பெனிங்கிற ரேஞ்சுல பேசி, நான் அதுல போறதே இல்லன்னு சொல்லிட்டாங்க. கம்பெனிக்கு கோவம், முதலீடு நிக்குமோன்னு பேச்சு, உடனே பிரதமர் ஸ்டார்மர் அது அரசாங்கத்தோட கருத்து இல்லேன்னு நழுவிட்டார். முதலீடு வந்துச்சு. துறைமுகம் கட்டுறவனும் ஃபெர்ரி ஓட்டுறவனும் ஒரே ஆளா இருந்தா மந்திரியால எவ்ளோ தூரம் பேச முடியும்ங்கிறதுக்கு இத விட நல்ல உதாரணம் தேவையில்ல. நம்ம சென்னை துறைமுகத்துல ஒரு கன்டெய்னர் டெர்மினல், கொச்சி வல்லார்பாடம், ரெண்டுமே டிபி வேர்ல்டு ஓட்டுறதுதான், அதையும் ஞாபகம் வச்சுக்குங்க.

இதுல நமக்கு என்ன, நம்ம பயலுக்கு கெடச்ச வேலைய இந்தச் சட்டம் கெடுக்கத்தானே செய்யும்னு ஒருத்தர் என்கிட்ட சண்டைக்கே வந்துட்டார். நியாயமான கேள்விதான். உள்ளூர்க்காரனுக்கும் நமக்கும் ஒரே சம்பளம்னா விசா, டிக்கெட் செலவெல்லாம் போட்டு நம்மள எதுக்கு கூப்பிடுவான்? சில வேலை போகும். போகட்டும்னுதான் நான் சொல்வேன். மலிவா இருக்கோம்ங்கிற ஒரே காரணத்துக்காக கிடைக்கிற வேலை, நம்மள விட மலிவா ஒருத்தன் கிடைக்கிற அன்னிக்கு போயிரும், அப்ப நமக்கும் ஒரு வீடியோதான் வரும். சம்பளம் சமம்னு ஆனதுக்கு அப்புறமும் ஒருத்தன் நம்மள எடுத்தான்னா அது நம்ம வேலைக்காக எடுத்தது. நம்ம ஊர்ல 2025ல கோஸ்டல் ஷிப்பிங் ஆக்ட்னு புதுசா வந்திருக்கு, வெளிநாட்டுக் கப்பலுக்கு நம்ம கடலோர சரக்கு ஏத்த லைசென்ஸ் குடுக்கிறப்ப க்ரூ எந்த நாட்டுக்காரங்கங்கிறதையும் பாக்கலாம்னு அதுல இருக்கு. அதே இடத்துல அந்த க்ரூவுக்கு என்ன சம்பளம், எத்தனை வாரம்ங்கிறதையும் கேக்க வச்சா நல்லா இருக்கும், கேக்குறதுக்கு நம்ம யூனியன்காரங்க ஆரம்பிக்கணும்.

அப்புறம் ஃபெர்ரி ஆஃபர்னு யாராச்சும் போன் பண்ணா, மக்கா, முதல்ல அந்த ஏஜென்ட்டுக்கு டிஜி ஷிப்பிங், அதான் நம்ம மத்திய அரசோட கப்பல் துறை இயக்குநரகம், குடுக்கிற ஆர்பிஎஸ்எல்ங்கிற ஆளெடுப்பு லைசென்ஸ் இருக்கான்னு பாரு, வேலைக்குன்னு உன்கிட்ட காசு கேக்குறானா, அங்கயே கட் பண்ணிரு, லைசென்ஸ் உள்ளவன் உன்கிட்ட கமிஷன் வாங்கக் கூடாது. எந்த ரூட்டு, எந்தக் கொடி, யாரு இடத்துக்கு போறோம், எத்தனை வாரம், நடுவுல எத்தனை மணி நேரம் ஓய்வு, இதெல்லாம் கான்ட்ராக்ட்ல எழுத்துல கேளு. வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ட நம்பி ஃபிளைட் ஏறாத.