ஊர் போச்சு, பெயர் இருக்கு

பர்ட்விசில் என்றொரு அபூர்வமான ஆங்கிலக் குடும்பப் பெயர். 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தேடினால், அந்தப் பெயர்க்காரர்களில் பெரும்பாலோர் இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள லங்காஷயர் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள்.

அங்கே பர்ன்லி நகரத்துக்குப் பக்கத்தில் பர்ட்விசில் என்ற அதே பெயரில் ஒரு சிற்றூர் இருந்தது. இன்று அது இல்லை. 'ட்விசில்' என்றால் இரண்டு ஓடைகள் கூடும் இடம். ஓடைகள் நிறைந்த மலைச்சரிவு அல்லவா, அதனால் அந்த வட்டாரத்திலேயே ஆஸ்வால்ட்விசில், கொஞ்சம் தெற்கே என்ட்விசில் என்று ஊர்கள். என்ட்விசிலும் குடும்பப் பெயராகிவிட்டது, ஆனால் அது நன்றாகவே பரவிவிட்டது.

அப்புறம், இசையமைப்பாளர் ஹாரிசன் பர்ட்விசில் 1934இல் பிறந்த ஊர் எது தெரியுமா? அக்ரிங்டன்! மறைந்துபோன அந்தச் சிற்றூரிலிருந்து சில மைல்தான். வரைபடத்தில் பார்த்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது.