கரும்புக்காட்டுக்குள் ஒரு அறுப்பின் பண்டிகை

ஞாயிறன்று தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே உள்ள ஸ்டேங்கர் பக்கம், ஆயா (பாட்டி) பிறந்த எஸ்டேட்டுக்குப் போயிருந்தோம். சுற்றிலும் கரும்பு, நடுவில் தகரக் கூரை போட்ட சபை. ஆராதனை முடிந்ததும், காணிக்கையாக வந்த விளைச்சலை ஏலம் விட்டார்கள். ஒரு பூசணிக்காயை 40 ராண்டில் ஆரம்பித்து 350க்கு அப்பாவே எடுத்தார். (அம்மா இன்னும் பேசவில்லை.)

1860 நவம்பர் 16-ல் சென்னையிலிருந்து டர்பன் வந்த, இந்திய ஒப்பந்தக் கூலிகளின் முதல் கப்பலான ட்ரூரோவிலேயே கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். இலங்கையில் தமிழ் கற்ற மெதடிஸ்ட் மிஷனரி ரால்ப் ஸ்டாட் 1862-ல் இங்கு வந்து, தோட்டம் தோட்டமாகத் தமிழில் பிரசங்கித்தார். பக்கத்து கியர்ஸ்னி தேயிலைத் தோட்டத்தில், நெல்லூரிலிருந்து வந்த ஜான் ரங்கையா 1903-ல் தெலுங்கு பாப்டிஸ்ட் சபையைத் தொடங்கினார். ஆயாவின் அம்மா தெலுங்குக்காரர். அதனால் எங்கள் வீட்டில் ஜெபம் ஒரு மொழியில் தொடங்கி இன்னொன்றில் முடியும்!

இப்போது பாட்டெல்லாம் ஆங்கிலத்தில், திரையில் ஓடுகிறது. ஆனால் கடைசியில் ஒரு பெரியவர் ஆர்மோனியத்தை இழுத்து வைத்துக்கொண்டு கீர்த்தனை ஒன்றை எடுத்தார். பெஞ்சிலிருந்த வயதானவர்கள் தாளத்தோடு சேர்ந்துகொண்டார்கள். அவர் முன்னாலிருந்த பழைய நோட்டை எட்டிப் பார்த்தேன். தமிழ் வரிகள் முழுக்க ஆங்கில எழுத்தில், பென்சிலில். தமிழ் வாசிக்கத் தெரியாதாம். உச்சரிப்பில் ஒரு பிசகு இல்லை.

நோட்டைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வந்திருக்கிறேன். தமிழ் எழுத்தில் பெயர்த்து எழுத யாராவது கூட வருகிறீர்களா?