உப்பை இறக்கும் வேலை

கடலுக்கடியிலிருந்து ஒரு பழைய போர் விமானத்தைக் கிரேன் தூக்கும்போது கூட்டம் கூடும், கேமராக்கள் வரும், கைதட்டல் கேட்கும். அந்த நேரத்தில்தான் எங்களைப் போன்றவர்களுக்கு வயிற்றில் புளி கரையும். அத்தனை வருடம் தண்ணீருக்குள் எப்படியோ தாக்குப்பிடித்த உலோகம், காற்று பட்ட பிறகுதான் வேகமாக அழியத் தொடங்குகிறது.

எனக்குச் சொந்த ஊர் புதுச்சேரி. தாத்தா சொல்தாவாக, அதாவது பிரெஞ்சு ராணுவச் சிப்பாயாக, இருந்ததால் வீட்டில் எல்லாருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. அப்படித்தான் பிரான்சில் பழைய விமானங்களைச் சீராக்கும் ஒரு பட்டறையில் தகடு வேலைக்குப் போனேன்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சண்டை விமானங்களில் பெரும்பாலானவற்றின் உடல் டியூராலுமின் தகடு. அலுமினியத்தில் சுமார் 4 சதவீதம் தாமிரம் சேர்ந்த கலவை. பலம் தருவது அந்தத் தாமிரம்தான்; உப்புத் தண்ணீரில் தகட்டுக்கு எமனும் அதுவேதான். இரண்டு உலோகத்துக்கும் நடுவே உப்புநீர் புகுந்தால் மின்னோட்டம் உண்டாகி அலுமினியம் கரையும். எஃகு போல்ட் இறங்கிய இடங்களில் அரிப்பு இன்னும் மோசம். மக்னீசியக் கலவையில் வார்த்த பாகங்கள் பல சமயம் இருந்த இடமே தெரியாது. மிஞ்சிய தகட்டின் நுண்ணிய குழிகளில் உப்பின் அரிக்கும் பகுதியான குளோரைடு ஒளிந்திருக்கும். அதோடு காய விட்டால், சுவரில் உப்பு பூப்பது போல வெள்ளையாகப் பூத்து, தகடு ஏடு ஏடாக உரியும்.

ஆகவே காய விடக்கூடாது. இந்தப் பாடத்தை நான் பிரான்சில் படிக்கவில்லை. கடலூர் முதுநகரில் என் மாமா படகு எஞ்சின் மெக்கானிக். 2004 சுனாமிக்கு அப்புறம் தேவனாம்பட்டினத்திலிருந்து முழுகிப்போன எஞ்சின்களை ஒவ்வொன்றாகக் கொண்டு வந்தார்கள். பாவம், படகும் வலையும் போய் எஞ்சின் மட்டும் மிஞ்சியவர்கள். துடைத்து வெயிலில் வைக்கலாமா என்று கேட்டேன். "மாப்ள, வெயில்ல வெச்சியின்னா நாளைக்குப் பழைய இரும்புக் கடைக்குத்தான் போவும். பிரிக்கிற வரைக்கும் நல்ல தண்ணியிலயே கெடக்கட்டும்" என்றார். சிமெண்ட் தொட்டி நிறைய எஞ்சின்கள் கிடந்தன. பட்டறையில் விமானத்தின் வால் துண்டைத் தொட்டிக்குள் இறக்கியபோது எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இந்த வேலைக்குப் பெரிய உதாரணம் ஒரு ஜெர்மன் குண்டுவீச்சு விமானம். 1940 ஆகஸ்டில் இங்கிலாந்தின் கெண்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் விழுந்த டோர்னியர் 17. 2013 ஜூன் 10-ஆம் தேதி தூக்கி, காஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்தில் பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள் வைத்து, சிட்ரிக் அமிலம் கலந்த நீரைத் தொடர்ந்து தெளித்தார்கள். எலுமிச்சம்பழத்தில் இருக்கும் அதே அமிலம். உப்பும் இறங்கும், ஒட்டிய சிப்பியும் இளகும். எங்கள் தொட்டியிலும் அதே கொள்கைதான். தண்ணீரை மாற்றுவோம், குளோரைடு அளவு பார்ப்போம், குறையும், மறுபடி மாற்றுவோம். மாதக்கணக்கில் இழுக்கும். கம்பி பிரஷ்ஷைக் கிட்டவே கொண்டுவர விடமாட்டார்கள்.

அந்தப் பொறுமைக்குக் கிடைக்கும் பலனை ஒருமுறை கையில் பிடித்தேன். இறக்கைக்குள் விலா எலும்பு மாதிரி நிற்கும் சட்டம் ஒன்று. தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணியின் தலையில் மட்டும் துளைபோட்டு, தலையைத் தட்டி எடுத்து, தண்டை மெல்ல வெளியே தள்ளினேன். இரண்டு தகடு ஒட்டிக்கிடந்த இடத்தில் வண்ணம் புதுசாக இருந்தது. அதன்மேல் தொழிற்சாலைப் பரிசோதகரின் சின்ன வட்ட முத்திரை. யாரோ ஒருவர் சரி பார்த்துக் குத்தியிருக்கிறார். அந்தத் துண்டு பறக்க லாயக்கில்லை, ஓரமெல்லாம் அரித்துப் போயிருந்தது. ஆனாலும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுத் தகடு வளைக்க எனக்கு மனசு வரவில்லை.

இந்தத் தொழிலில் தீராத வழக்கு இதுதான்: மீட்டதைப் பறக்க வைப்பதா, அப்படியே நிறுத்தி வைப்பதா? கிரீன்லாந்துப் பனியில் 1942-இல் இறங்கிய பி-38 என்ற அமெரிக்கச் சண்டை விமானம் ஒன்றை 268 அடி ஆழத்திலிருந்து 1992-இல் எடுத்து, 2002-இல் பறக்க விட்டார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியில் பயிற்சியின்போது விழுந்த வைல்ட்கேட் சண்டை விமானங்களும் நல்ல நிலையில் கிடைத்தன. குளிர்ந்த நன்னீர் என்பதால். பனியும் ஏரியும் விட்டுவைத்ததைப் பறக்க வைக்கட்டும், எனக்கும் சந்தோஷம்தான். கடலிலிருந்து வந்ததைப் பறக்க வைக்க வேண்டுமென்றால் தகட்டில் பெரும்பங்கை மாற்றியாக வேண்டும். அப்புறம் மிஞ்சுவது பெயர்ப்பலகைதான். அதை அரித்த ஓரத்தோடு, குண்டு துளைத்த ஓட்டையோடு, அப்படியே நிறுத்தி வைப்பதுதான் நியாயம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதில் ஏறியவர் திரும்பி வராமலும் போயிருக்கலாம்.

இப்போது ஊரோடு இருக்கிறேன். கடலூர்ப் பக்கம் மீனவத் தம்பிகளிடம் பேசும்போது ஒன்றைச் சொல்லி வைக்கிறேன். வலையில் ரிவெட் வரிசையோடு அலுமினியத் தகடு ஏதாவது மாட்டினால், கிலோ கணக்கில் போட்டுவிடாதீர்கள். தண்ணீர் நிரம்பிய பெட்டியிலேயே வையுங்கள், எந்த இடத்தில் வலை விட்டீர்கள் என்று ஜிபிஎஸ் புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள். தோட்டாவோ குண்டோ மாதிரி ஏதாவது தெரிந்தால் தொடவே வேண்டாம், கடலோரக் காவல் படைக்கு 1554-இல் சொல்லுங்கள். கருவி முகப்பு கிடைத்தால் அதையும் சுரண்டாதீர்கள். இருட்டில் ஒளிர அன்று பூசிய, கதிர்வீச்சுள்ள ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 வருடம் ஆகும்.