கழிவுக்கல் மேடு எங்கிருந்தெல்லாம் தெரியும்? கருத்துக் கேட்புக்கு நாங்கள் தயாரான விதம்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எங்கள் ஊருக்கு மேற்கே சில கிரானைட் குவாரிகள் சேர்ந்து சுற்றுச்சூழல் அனுமதிக்கு விண்ணப்பித்திருந்தன. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பு நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும் என்கிறது மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. வந்தது. ஆட்சியர் அலுவலகத்தில் உட்கார்ந்து வரைவு அறிக்கையைப் படித்தேன். தூசு, சத்தம், நிலத்தடி நீர், வெடி அதிர்வு என எல்லாவற்றுக்கும் பக்கம் பக்கமாக இருந்தது. கழிவுக்கல் கொட்டும் மேட்டுக்கு மட்டும் ஒரே ஓர் அட்டவணை: பரப்பு, கொள்ளளவு, உயரம் 30 மீட்டர். அது எங்கிருந்து யார் கண்ணில் படும் என்று ஒரு வரிகூட இல்லை.

கிரானைட்டில் அந்த மேடு சின்ன விஷயம் இல்லை. விரிசலும் நிறக் கோளாறும் இல்லாத பாளம் கொஞ்சம்தான் தேறும். வெட்டிய பாறையில் பெரும்பகுதி கழிவாக அங்கேயே நிற்கும். குவாரியை மூடிய பிறகும் நிற்கும்.

அதே 2006 அறிவிக்கையில், கட்டுமானத் திட்டங்களுக்கான படிவம் 1ஏ, கட்டடம் காட்சியை மறைக்குமா, நிலக்காட்சியைப் பாதிக்குமா என்று நேராகவே கேட்கிறது. அடுக்குமாடிக்குக் கேட்கிற கேள்வியைக் கல்மேட்டுக்கும் கேட்கலாம்தானே? அங்கேதான் எங்களுக்குப் பிடி கிடைத்தது.

எப்படி மதிப்பிடுவது என்பதற்கு, பிரிட்டனில் நிலக்காட்சித் துறையினர் பின்பற்றும் வழிகாட்டியின் 2013 பதிப்பு உதவியது. இரண்டு கேள்விகளைக் கலக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை. நிலம் தன் குணத்தை இழக்கிறதா என்பது ஒன்று. ஓர் இடத்தில் நிற்கிற மனிதர் பார்ப்பது எவ்வளவு மாறும் என்பது வேறு. எங்கள் பகுதி சமதரை. மாந்தோப்பு, ஏரி, நடுவே தனித்தனியாக எழும் மொட்டைப் பாறைக் குன்றுகள். அந்த வளைவுகளுக்குப் பக்கத்தில் தட்டையான தலையும் நேர்ச்சரிவுமாக வெளிறிய கல்மேடு எழுந்தால், பார்க்க ஆளே இல்லாவிட்டாலும் நிலம் மாறியதுதான்.

அப்புறம் காட்சி. க்யூஜிஐஎஸ் இலவச வரைபட மென்பொருள். சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளியாக நில உயரத்தைத் தரும் எஸ்ஆர்டிஎம் தரவும் இலவசம். மேட்டின் உச்சியை வைத்து, கண்மட்டம் 1.6 மீட்டர் என்று கொடுத்தால், அது தெரியக்கூடிய இடங்கள் வரைபடத்தில் நிறமாக வந்துவிடும். ஒரு எச்சரிக்கை: அந்தத் தரவு 2000 பிப்ரவரியில் விண்ணிலிருந்து அளந்தது. அதற்குப் பிறகு எழுந்த மேடுகள் அதில் இருக்காது. வீடு, தோப்பு எல்லாவற்றையும் அது சரியாகக் காட்டும் என்றும் நம்பக் கூடாது. அதனால் வரைபடத்தோடு நின்றுவிடாமல் நடந்தே பார்க்க வேண்டும்.

நடந்தபோதுதான் முக்கியமான இடங்கள் தெரிந்தன. ஏரிக்கரை, பள்ளி மைதானம், குன்றின் மேல் முருகன் கோயில் படிக்கட்டு என்று நாங்கள் குறித்திருந்தோம். நூறு நாள் வேலையில் இருந்த ஒரு பாட்டி சொன்னார்: "நடுகல்லுக்குப் பொங்கல் வைக்கிறப்ப மேற்கே பார்த்துத்தான் நிப்போம். அதையும் எழுதிக்கோ தம்பி." எந்த மென்பொருளும் சொல்லாத தகவல் அது. நெடுஞ்சாலையில் ஆயிரம் பேர் கடந்து போகலாம். ஆண்டுதோறும் அதே இடத்தில் நின்று அதே திசையைப் பார்த்துக் கும்பிடுகிறவர்களின் இழப்பு அதைவிடப் பெரியது என்றே நினைக்கிறேன். நாங்கள் தயாரித்த அறிக்கையில் அதை முதலில் வைத்தோம்.

ஒவ்வொரு இடத்திலும் 50 மி.மீ. லென்ஸில், கண்மட்டத்தில் படம் எடுத்து, மேட்டின் உருவத்தை அளவாக வரைந்தோம். கூட்டத்தில் எல்லோருக்கும் புரிய ஒரு கணக்கு: 1 கிலோமீட்டர் தூரத்தில் 30 மீட்டர் உயரம், நீட்டிய கையின் கட்டைவிரல் அகலத்துக்குச் சற்றுக் குறைவு, 300 மீட்டரில் மூன்று விரலுக்கு மேல்.

எல்லையில் 7.5 மீட்டர் அகலத்துக்கு மரம் நடுவதால் மேடு மறைந்துவிடும் என்றார் குவாரிகளுக்காக அறிக்கை தயாரித்தவர். கன்று வளரப் பல ஆண்டு ஆகும், கோயில் படியில் நின்றால் எல்லை மரங்களுக்கு மேலாகவே மேடு தெரியும் என்று படத்தைக் காட்டினோம். மேட்டின் அடியில் வைக்கும் மரத்தைவிடப் பார்ப்பவருக்கு அருகே இருக்கும் மரம்தான் நன்றாக மறைக்கும். கேட்டவை இவை: மேட்டைக் குன்றின் மேற்குப் பக்கம் நகர்த்துங்கள், அங்கே பழைய குவாரிப் பள்ளங்கள்தான் இருக்கின்றன, உயரத்தைக் குறையுங்கள், தலையை வளைவாக்குங்கள், மேல்மண்ணைத் தனியே சேமித்துக் கட்டம் கட்டமாகப் பரப்பி நடுங்கள், முடிந்த அளவு கல்லை எம்-சாண்டுக்கு அனுப்புங்கள், தோண்டிய குழியில் திரும்பக் கொட்டுங்கள்.

இறுதி அறிக்கையில் மேடு மேற்கே போனது, உயரம் 20 மீட்டரானது, நடுகல் திடலிலிருந்து எடுத்த படம் சேர்ந்தது. குழியில் கொட்ட மறுத்துவிட்டார்கள். அடியில் இன்னும் கல் இருக்கிறதாம். அந்தப் பதிலை நாங்கள் இன்னும் ஏற்கவில்லை.

இதே வழியில் போகிறவர்களுக்கு ஒன்று: கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை அங்கேயே தமிழில் வாசித்து விளக்க வேண்டும். எழுந்த ஒவ்வொரு பிரச்சினைக்கும் விண்ணப்பதாரரின் பதில் அதோடு இணைக்கப்பட வேண்டும். குறிப்பை ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டுவார்கள். உங்கள் ஊர் பேசியது விடுபடாமல் இருக்கிறதா என்று போய்ப் படித்துப் பாருங்கள், படமும் எடுத்து வையுங்கள்.